இரவல் பூஜ்யம்

அத்தியாயம் 11

போன வாரம் இந்தப் பக்கத்தைக் கிழித்து யாராவது பொட்டலம் மடித்திருந்தால், அவர்களுக்காக ஒரு வரி: மாஸ்டர் தன் தம்பியின் பாட்டிலைத் தன்னுடையது என்று சொல்லிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் என்றால் பேக்கரி மாஸ்டர். பதினாறு வருடமாக, தினம் ஒன்பது மணி நேரம் அடுப்புக்கு முன்னால் நிற்பவர். அவர் கையால் போட்ட பன் உப்பாமல் போனதாகச் சரித்திரம் இல்லை. வீட்டில்தான் ஏழு வருடமாக எதுவும் உப்பவில்லை. இந்த நகைச்சுவையை அவருடைய மாமா ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். மாஸ்டரின் மனைவி மட்டும் தண்ணீர் குடித்தாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கால் பாயின்ட் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று வருடமாக அவளைத்தான் எல்லோரும் சோதித்தார்கள். ஸ்கேன், ரத்தம், கருக்குழாயில் சாயம் ஏற்றி எடுக்கிற படம், மறுபடி ஸ்கேன். அவளுடைய ஃபைல் ஒரு அகராதி கனத்துக்கு வந்த பிறகு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போதுதான் டாக்டருக்கு, இதில் இன்னொரு ஆளும் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. "அவரும் ஒரு தடவை பார்த்துக்கட்டும்" என்றார்.

மாஸ்டர் பயந்தார். யாருக்கும் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி, தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஒரு லேபுக்குப் போய்ச் சோதித்துக்கொண்டார். ஒரு மில்லியில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்க வேண்டிய உயிரணு, முப்பது லட்சம்தான் இருந்தது. அதிலும் ஒழுங்காக நீந்துவது நூற்றுக்கு எட்டு. வேறு எந்த விஷயத்தில் முப்பது லட்சம் இருந்தாலும் அந்த ஆளை ஏழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாஸ்டர் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டார். அன்றைக்கு வெந்த பன்களைப் பற்றி வாடிக்கையாளர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு தம்பியிடம் போனார். தம்பிக்கு வீட்டிலும் வெளியிலும் பயில்வான் என்றே பெயர். ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவன். இருபத்தேழு வயது. இன்றிலிருந்து இருபத்தாறு நாளில் கல்யாணம். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காரும் ஒரு பெண், அவளே பார்த்து, அவளே பேசி முடித்தது. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ரத்தம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். பயில்வான் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு பெரிய பாட்டில்ணா?"

ரத்தத்தை மட்டும் இரவல் வாங்க முடியவில்லை. அதைக் கிளினிக்கில் நர்ஸே கையைப் பிடித்து எடுத்துவிட்டாள். ஆகவே ஒரே பெயரில் இரண்டு பேர் லேபுக்குள் போனார்கள். பாட்டிலில் தம்பி, ஊசியில் அண்ணன்.

இன்று வியாழக்கிழமை. ரிப்போர்ட் வரும் நாள்.

* * *

காத்திருக்கும் கூடத்தில் சுவர் முழுக்கக் குண்டுக் குழந்தைகளின் படங்கள். கீழே உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்போன் அணைந்திருந்தவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்கென்ன பயம்?"

பொய் இல்லை. மாஸ்டருக்கு உண்மையிலேயே பயம் இல்லை. பயில்வானின் தோளகலத்துக்கு எப்படியும் பத்துக் கோடி தேறும் என்று நினைத்திருந்தார். டாக்டர் பாராட்டும்போது எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்று காலையில் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பழகியும் வந்திருந்தார்.

டாக்டர் ஒல்லி. ரயில் தாமதமாக வருவதை அறிவிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுகிறவர்.

"மாதிரியை யார் கொண்டு வந்தது?"

"நான்தான் சார்." இதுவும் பொய் இல்லை.

"ஒரு மணி நேரத்துக்குள்ளயா?"

"நாப்பது நிமிஷம். சட்டைக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சு எடுத்துட்டு வந்தேன்."

"நல்லது. அளவு மூணு மில்லி, நிறம் சரி, எல்லாம் சரி. உயிரணு இல்ல."

"கம்மியா இருக்கா சார்?" என்றாள் மனைவி.

"கம்மி இல்லம்மா. இல்ல. மெஷின்ல சுத்த வச்சு, அடியில படிஞ்சதையும் எடுத்துப் பார்த்திருக்காங்க. ஒண்ணுகூட இல்ல."

மாஸ்டர் பழகி வைத்திருந்த அடக்கமான சிரிப்பு முகத்தில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. காலி பண்ணச் சொல்ல ஆள் இல்லாததால் அங்கேயே இருந்தது.

மனைவி அவர் கையைப் பிடித்தாள். மேஜைக்கு மேலேயே, டாக்டர் பார்க்கவே பிடித்தாள்.

"ஆனா ரத்தம் நல்லாயிருக்கு," என்றார் டாக்டர். "அதான் யோசிக்க வைக்குது. இங்க பாருங்க. மூளைதான் முதலாளி. கீழ இருக்கிறது பட்டறை. எஃப்.எஸ்.எச், எல்.எச்னு ரெண்டு ஹார்மோன், முதலாளி அனுப்புற ஆள்னு வச்சுக்குங்க. பட்டறையில வேலை நடக்கலைன்னா முதலாளி மேல மேல ஆள் அனுப்பிக் கத்துவார். எஃப்.எஸ்.எச் ஏறும். உங்களுக்கு ஏறல. ஆண் ஹார்மோனும் அளவா இருக்கு. அப்ப பட்டறை ஓடுது, வெளிய வர்ற வழி எங்கயோ அடைச்சிருக்குன்னுதான் முதல்ல நினைக்கத் தோணும்."

"வேற காரணம் இருக்குமா சார்?" மனைவி சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தாள்.

"இருக்கு. ஜிம்முக்குப் போறாரா? உடம்பு ஏத்த ஊசி ஏதாவது?"

மனைவிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இவரா? அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவுல நடக்கிறதுதான் சார் இவருக்கு எக்சர்சைஸ்."

"அப்ப அதை விடுங்க. இப்ப நிறைய பசங்க அப்படித்தான் வர்றாங்க. வெளியிலேருந்து ஆண் ஹார்மோன் ஏத்திக்கிறாங்க. முதலாளி பார்ப்பார், குடோன்தான் நிரம்பி வழியுதே, பட்டறை எதுக்குன்னு பூட்டிட்டுப் போயிடுவார். எஃப்.எஸ்.எச், எல்.எச் ரெண்டும் தரையில கிடக்கும். பார்க்க யானை மாதிரி இருப்பான். உள்ள பூஜ்யம்."



"அது," என்றார் மாஸ்டர்.  "அப்படி ஆனவங்களுக்குத் திரும்ப வருமா சார்?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார்.

"பொதுவா கேட்டேன்."

"ஊசியை நிறுத்தணும். அதையும் டாக்டர்கிட்ட காட்டித்தான் நிறுத்தணும். நிறைய பேருக்குத் திரும்பும், ஆனா மாசக்கணக்காகும். சிலருக்கு வருஷம். சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். உங்களுக்கு எதுக்கு அது?"

"பொதுவா."

"சரி. அடுத்த வாரம் இன்னொரு தடவை மாதிரி குடுங்க. இங்கயே, பக்கத்து ரூம்ல. ஒரு டெஸ்டை வச்சு முடிவு பண்ண மாட்டோம். மறுபடியும் பூஜ்யம் வந்தா விதையில ஊசி வச்சு எடுத்துப் பார்ப்போம். மரத்துப் போறதுக்கு மருந்து உண்டு."

மாஸ்டர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி," என்றாள் மனைவி. "அடுத்த மாசம் கல்யாணம்."

"அடைப்புல சில வகை குடும்பத்துல வரும். கல்யாணத்துக்கு முன்னாடி அவரையும் ஒரு தடவை பார்த்துக்கச் சொல்லுங்க. தப்பில்ல."

மனைவி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதிக்கொண்ட எதையும் செய்யாமல் விட்டதில்லை.

* * *

மாஸ்டர் பேக்கரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜிம்முக்குப் போனார். வழியெல்லாம் ஒரு கணக்கு அவர் தலைக்குள் ஓடியது. வேண்டாம் என்று நினைத்தாலும் நிற்கவில்லை. அடுத்த வாரம் சொந்தப் பாட்டிலைக் கொடுத்தால் முப்பது லட்சம் வரும். பூஜ்யத்துக்குப் பிறகு வரும் முப்பது லட்சத்தை யார் குறைவு என்பார்கள்? டாக்டர் கை குலுக்குவார். மனைவி அழுவாள், சந்தோஷத்தில். ஊசியும் வேண்டாம், உண்மையும் வேண்டாம். இத்தனை சுலபமாகத் தப்பிக்க ஒரு வழி அவர் வாழ்க்கையில் இதுவரை அமைந்ததே இல்லை.

தம்பியிடம் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

பயில்வான் ஒரு தொப்பைக்காரரைப் படுக்க வைத்துத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னும் ரெண்டே ரெண்டு சார். செத்தா போயிடுவீங்க?" அண்ணனைக் கண்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாக்கர் அறைக்குள் வந்தான்.

"என்னண்ணா, ரிசல்ட் பார்த்து டாக்டர் மயங்கி விழுந்துட்டாரா?"

"பூஜ்யம்டா."

"என்ன பூஜ்யம்?"

"ஒண்ணுகூட இல்லையாம்."

பயில்வான் சிரித்தான். "நீ கொண்டு போய் அடுப்பு மேல வச்சிருப்ப. வெந்திருக்கும்."

"வெந்தா பொணமாவது கிடக்கணும்டா. பொணம்கூட இல்லையாம்."

சிரிப்பு நின்றது. வெளியே யாரோ இரும்பைத் தரையில் போட்டார்கள்.

"நீ தொடையில ஏத்திக்கிறியே, எண்ணெய் மாதிரி..."

"அது வைட்டமின்."

"எங்கிட்டயேவா?"

"எல்லாரும்தான் போடறாங்க."

"எவ்வளவு நாளா?"

பயில்வான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். "நாலு வருஷம்," என்றான்.

டாக்டர் சொன்ன முதலாளி, பட்டறை, குடோன் எல்லாவற்றையும் மாஸ்டர் தனக்குப் புரிந்தவரை சொன்னார். பயில்வான் மர பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பையனின் இடுப்பளவு. ஊரில் எத்தனையோ பேர் மாதம் கட்டணம் கட்டி ஆசைப்படும் கைகள். அவன் அவற்றை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அண்ணா. அந்தப் பேப்பர்ல யார் பேர் இருக்கு?"

"என் பேர்."

"அப்ப அது உன்னுது."

"டேய்."

"உன் பேர்ல வந்தது உன்னுதுதானே? நீயே வச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஊசியை நிறுத்துடா. நாளைக்கே அந்த டாக்டர்கிட்ட போலாம். திரும்பும்னு சொல்றார்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" பயில்வான் குரலைத் தணித்தான். "போன வருஷம் ஒரு மாசம் நிறுத்திப் பார்த்தேன். படுக்கையை விட்டு எந்திரிக்க முடியல. பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன்ணா. எதுக்கு அழறேன்னே தெரியாம. கல்யாணத்தன்னைக்கு அப்படி நிக்கச் சொல்றியா? காத்துப் போன டியூப் மாதிரி?"

மாஸ்டருக்கு இது தெரியாது. ஒரே வீட்டில் இருந்த மாதம்தான் அது. பாத்ரூமில் இவ்வளவு நேரமா என்று கதவைத் தட்டியவரே அவர்தான்.

அப்போது பயில்வானின் போன் அடித்தது. கல்யாணப் பெண்.

"சொல்லும்மா... ஆமா, அண்ணன் இங்கதான்... அண்ணியா? என்ன சொன்னாங்க?"

பயில்வானின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. அவ்வளவு பெரிய உடம்பு, வெளுத்து முடிக்க நேரம் ஆனது.

"ரெண்டு பேருமே டெஸ்ட் எடுக்கணுமா? இல்ல, நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன்... நாளைக்கா? சரி. வீட்லேருந்தே கொண்டு வந்துடறேன். சரிம்மா."

போனை வைத்தான். அண்ணனைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு பாட்டில் குடு."

"என்னது?"

"நாளைக்குக் காலையில. ஒண்ணே ஒண்ணு."

ஐந்து வாரமாக யாரிடமும் சொல்லாததை மாஸ்டர் அந்த வியர்வை நாற்றத்துக்கு நடுவே சொன்னார். "என்னுது முப்பது லட்சம்தான்டா. ஓடறது நூத்துக்கு எட்டு. அதனாலதானே உங்கிட்ட வந்தேன்."

"பூஜ்யத்துக்கு முன்னாடி நீ கோடீஸ்வரன்ணா."

"அந்தப் பொண்ணு பாவம்டா."

"அண்ணி பாவம் இல்லையா? நீ கேட்டப்ப நான் குடுத்தேன்ல? ஏன் எதுக்குன்னு கேட்டேனா?"

கேட்கவில்லைதான். மாஸ்டர், "பார்க்கலாம்" என்றார். அந்தக் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். பயில்வான் அண்ணனைக் கட்டிக்கொண்டான். மாஸ்டரின் விலா எலும்பு ஒன்று லேசாகச் சத்தம் போட்டது.

* * *

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு புது ஃபைல் இருந்தது. மேலே மாஸ்டரின் பெயர், மனைவியின் கையெழுத்தில்.

"மூணு வருஷமா என் ஃபைல் தனியா இருந்துச்சு," என்றாள். "இப்ப துணைக்கு ஒண்ணு."

மாஸ்டர் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரத்துக்கு லீவு சொல்லிட்டேன். தம்பி விஷயமா அந்தப் பொண்ணுகிட்டயும் பேசிட்டேன். உங்களுக்கு வந்ததை அவகிட்ட மட்டும் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. சொல்லாம எப்படி டெஸ்ட் எடுக்கச் சொல்றது?" அவள் காகிதங்களைத் துளையிட்டுக் கோத்துக்கொண்டே பேசினாள். "உங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். குறை எங்கிட்டதான்னு சொல்லிடறேன்."

"ஏன்?"

"எனக்குப் பழகிடுச்சு. உங்களால தாங்க முடியாது."

அவள் திட்டியிருந்தால் மாஸ்டர் சமாளித்திருப்பார். அதற்கெல்லாம் அவரிடம் தயாராகப் பதில் உண்டு.  துளையிடும் கருவி ‘டக்’ என்றது. இன்னொரு ‘டக்’.

"அந்தப் பாட்டில் என்னுது இல்ல," என்றார்.

அவள் நிமிரவில்லை. "எந்தப் பாட்டில்?"

"டாக்டர்கிட்ட குடுத்தது. என்னுதை முன்னாடியே வேற இடத்துல பார்த்தேன். முப்பது லட்சம்தான். அந்தப் பேப்பரை எரிச்சுட்டேன்."

அவள் கருவியைக் கீழே வைத்தாள். கடையில் வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"எத்தனை ஓடுது?"

"எட்டு சதவீதம்."

"எப்பப் பார்த்தீங்க?"

"அஞ்சு வாரம் ஆச்சு."

"முப்பது லட்சம் இருந்தா வழி இருக்குன்னு எனக்கே தெரியும். மூணு வருஷமா அந்தக் கூடத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சிருக்கேன். சூடு ஆகாதுன்னு அடுப்பை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லியிருப்பாங்க. இல்லைன்னா நல்லதா ஒண்ணைப் பிடிச்சு லேப்லயே கருமுட்டைக்குள்ள விடுவாங்க. ஒண்ணு போதும்." குரல் ஏறவில்லை. "எனக்கு முப்பத்தாறு. அந்த அஞ்சு வாரம் யாருது?"

மாஸ்டர் மேஜையில் சிதறியிருந்த காகிதப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அடுத்த வாரம் உங்களுதைக் குடுத்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

"ஆமா."

"அதையும் யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். பஸ்ல."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"பழியை நீ வாங்கிக்கிறேன்னு சொன்ன. பாட்டிலை இரவல் வாங்கினது போதும், உன் நல்ல பேரையும் இரவல் வாங்க முடியாது எனக்கு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை இல்லை, வியர்வைபோல எதையோ துடைத்தாள். பிறகு அவள் கை பாதியில் நின்றது. லென்ஸில் கீறல் தெரிந்தால் அவள் இப்படித்தான் நிற்பாள்.

"ரத்தம் உங்களுது. பாட்டில் உங்களுது இல்ல. ஜிம் ஊசி திரும்புமான்னு டாக்டரைக் கேட்டீங்க." நிறுத்தினாள். "தம்பியா?"

மாஸ்டர் தலையாட்டினார். "நாளைக்கு எங்கிட்ட கேட்டிருக்கான். அவன் பேர்ல குடுக்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பார்க்கலாம்னேன்."

அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவளுக்கும் தெரியும். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தபோது மேஜையில் அவளுடைய போன் அதிர்ந்தது. கல்யாணப் பெண்ணின் பெயர். அவள் அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"அக்கா! ஒத்துக்கிட்டார்க்கா. நான் சண்டை போட வேண்டியிருக்கும்னு நினைச்சேன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. நாளைக்குக் காலையில கொண்டு வந்து குடுத்துடறாராம். நானும் ரத்தம் குடுத்துடறேன். அண்ணா எப்படிக்கா இருக்கார்? ரொம்ப உடைஞ்சு போயிட்டாரா?"

மனைவி போனை மாஸ்டர் பக்கம் தள்ளினாள். 

மாஸ்டர் போனைப் பார்த்தார். அதில் பேசுகிறவள் இன்னும் இருபத்தாறு நாளில் இந்தக் குடும்பத்துக்குள் வரப்போகிறவள். வந்தால், மூன்று வருடம் கழித்து, அவள் பெயரில் ஒரு ஃபைல் கனத்துக்கொண்டு போகும். அவளையும் படுக்க வைத்துச் சாயம் ஏற்றுவார்கள்.

"நான்தாம்மா," என்றார்.

"அண்ணா! கவலைப்படாதீங்கண்ணா, இப்பல்லாம் எவ்வளவோ..."

"நாளைக்கு அவன் கொண்டு வர்ற பாட்டிலை லேப்ல குடுக்க விடாதம்மா."

"ஏண்ணா?"

"அதுல என்னுது இருக்கும்."

 அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தரையில் உரசியது. பிறகு ஒரு குரல், பயில்வான் உடம்புக்குள் இருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்காத சின்னக் குரல்:

"சொல்லிட்டியாண்ணா."

அங்கேயும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்கள்.

"என்ன சொல்லிட்டார்?" என்றாள் அந்தப் பெண். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருப்பவள், அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்று பார்த்தே பழகியவள். "அவரோடது உங்க பேர்ல வருதா? அப்ப இன்னைக்கு அவர் பேர்ல வந்திருக்கே ஒரு பூஜ்யம், அது..."

"நான் சொல்றேம்மா," என்றார் மாஸ்டர்.

"வேண்டாம்ணா," என்றாள். குரல் போனை விட்டுத் திரும்பிவிட்டது தெரிந்தது. "நீங்க சொல்லுங்க. அவர் சொல்ல வேண்டாம். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."